பத்திரம், பட்டா, வீடு: ஒரு சேலத்து டி.என்.எஸ். புராணம்

ரொம்ப நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னைக்கு ஒரு பெரிய கொசுவத்தியோட வந்திருக்கேன். பதிவு நீளம்தான். டீ ஒண்ணு சொல்லிட்டு உக்காந்து படிங்க. சொந்தமா டொமைன் வாங்கி வச்சிருக்கிற பதிவர்கள் கட்டாயம் படிக்கணும், ஏன்னு போகப்போகப் புரியும்.

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ரெண்டு ரூம் ஆபீஸ்ல என் நண்பன் ஒருத்தன் வெப் ஹோஸ்டிங் நடத்துறான். பேரு வேண்டாம், திட்டுவான். இஞ்சினியரிங் முடிச்சு வேலை தேடி அலுத்து, எங்கேயோ ஒரு கம்பெனிகிட்ட ரீசெல்லர் கணக்கு வாங்கி ஆரம்பிச்சது. இப்ப அவன்கிட்ட 140 தளங்கள் இருக்கு. செவ்வாய்ப்பேட்டை கொலுசு மொத்த வியாபாரிகள், ஆத்தூர் பக்கத்து சேகோ மில்கள், நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற பட்டறைகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க, பள்ளிபாளையம் துணிக்காரங்க, நாலஞ்சு ஸ்கூல், ஒரு முட்டை ஏற்றுமதிக்காரர். சேலம் - நாமக்கல் வட்டாரத்துத் தொழில் எல்லாத்துக்கும் அவன்கிட்ட ஒரு சாம்பிள் இருக்கும்.

மூணு வருசம் முன்னாடி ஒரு நாள் காலைல அஞ்சரைக்கு போன். "மாப்ள, எல்லாம் போச்சுடா. 140ம் டவுன்."

சர்வர் இருந்த இடத்துல ஏதோ நெட்வொர்க் கோளாறு. அது சகஜம், நாலு மணி நேரத்துல வந்துடும்னு நினைச்சான். ஒரு முழு நாளும் ஒரு ராத்திரியும் ஆச்சு. வெப்சைட் போனதுக்குக் கூட யாரும் பெருசா கத்தல. கொலுசுக் கடைக்காரர் தன் சைட்டை அவரே வருசத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பார். கத்தினது முட்டைக்காரர்தான்.

அவரோட மெயில் நண்பனோட சர்வர்லயே கிடையாது. "மெயில் மட்டும் எப்பவும் நிக்கக்கூடாதுங் தம்பி"ன்னு சொல்லி, தனியா காசு கட்டி கூகிள்ல வச்சிருந்தார். ஆனா அவருக்கும் மெயில் வரல. வளைகுடாவுல இருந்து ஒரு கன்டெய்னருக்கு விலை கேட்டு வர வேண்டிய பதில், அனுப்பினவர் பக்கம் வரிசையில நின்னு மறுநாள்தான் வந்து சேர்ந்துச்சு. அதுக்குள்ள அந்த ஆள் வேற இடத்துல முடிச்சுட்டார். முட்டைக்கு தினம் ஒரு விலை. ஒரு நாள் தாமதம்னா அது வேற கணக்கு. "ஏனுங் தம்பி, வீடு உங்க கிட்ட இல்லையே, அப்புறம் எப்பிடி என் வீட்டுக் கதவு சாத்திருச்சு?"ன்னு கேட்டிருக்கார்.

அந்தக் கேள்விக்கு நண்பனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. எனக்கும்தான். அதைத் தேடிப் போனதுல பழைய கதையெல்லாம் கிளற வேண்டியதாப் போச்சு.

*

நம்ம ஊர் பாஷையில சொல்றேன். ஒரு இணையதளத்துக்கு மூணு சமாச்சாரம் உண்டு. பத்திரம், பட்டா, வீடு. பேரை உங்க பேர்ல பதிவு பண்ணித் தர்றவர் ரிஜிஸ்ட்ரார். சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரி, அது பத்திரம். அந்தப் பேருக்கு வர்ற ஆள் எந்த வீட்டுக்குப் போகணும், தபால் எந்த வீட்டுக்குப் போகணும்னு எழுதி வச்சிருக்கிற கணக்குப் புத்தகம்தான் டி.என்.எஸ். கிராமக் கணக்கு மாதிரின்னு வச்சுக்குங்க. பக்கங்கள் இருக்கிற சர்வர்தான் வீடு. முட்டைக்காரருக்குத் தபால் வீடு கூகிள்லதான் இருந்துச்சு, பத்திரமா இருந்துச்சு. ஆனா "தபால் அங்கே போகணும்"னு எழுதி வச்ச புத்தகம் நண்பனோட சர்வர்ல. புத்தகம் இருந்த அறை பூட்டிக்கிச்சு. தபால்காரர் தெருமுனையில நிக்கிறார்.

நண்பன் என்.எஸ்.1, என்.எஸ்.2ன்னு ரெண்டு பேர் சர்வர் வச்சிருந்தான். ரெண்டு இருக்கணும்னு சட்டம். ஆனா ரெண்டும் ஒரே பெட்டி! ஒரே சர்வருக்கு ரெண்டு ஐ.பி. முகவரி, அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு சிரிக்காதீங்க. மலிவான ரீசெல்லர் ஹோஸ்டிங்ல இருக்கிற முக்கால்வாசிப் பேர் நிலைமை இதுதான். உங்க டொமைனுக்கும் போய்ப் பாருங்க.

இந்தக் கணக்குப் புத்தகம் எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். அர்ப்பாநெட் காலத்துல மொத்தமே சில நூறு கம்ப்யூட்டர்தான். எல்லாப் பேரும் எல்லா முகவரியும் ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட்னு ஒரே ஃபைல்ல. கலிஃபோர்னியா மென்லோ பார்க்ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல எலிசபெத் ஃபைன்லர்ங்கிற அம்மாவோட குழு அதைப் பார்த்துக்கிட்டாங்க. புதுசா ஒரு மிஷின் வச்சா அவங்களுக்குத் தகவல் சொல்லணும். அவங்க எழுதிச் சேர்ப்பாங்க. மத்தவங்க எல்லாம் அந்த ஃபைலை இறக்கி வச்சுக்கணும்.

எனக்கு இது எங்க ஊர் கர்ணத்தை ஞாபகப்படுத்துது. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழிச்சுது. அதுக்கு முன்னாடி ஊரோட மொத்த நிலக்கணக்கும் ஒரே வீட்ல, பரம்பரையா. அடங்கல்ல என்ன இருக்குன்னு கேக்கணும்னா அவர் திண்ணையில காத்திருக்கணும். எங்க தாத்தா காத்திருந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். ஃபைன்லர் அம்மா அப்படிப்பட்டவங்க இல்ல, நேர்மையா உழைச்சவங்க. ஆனா நேர்மையானவங்க கையிலயே இருந்தாலும் ஒரே புத்தகம் ஒரே புத்தகம்தானே. வலை வளர வளர ஃபைல் பெருத்துச்சு, எல்லாரும் அதையே இறக்க, அந்த இடமே முட்டுச்சு.

1983ல பால் மொக்கபெட்ரிஸ், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட ஐ.எஸ்.ஐ. நிலையத்துல இருந்தவர், புது ஏற்பாட்டை எழுதினார். ஆர்.எஃப்.சி. 882, 883. அவரை இந்த வேலையில இறக்கிவிட்டவர் ஜான் போஸ்டல். யோசனை ரொம்ப எளிசு. ஒவ்வொரு ஊர்க் கணக்கையும் அந்தந்த ஊரே வச்சுக்கட்டும். தாலுகா ஆபீஸுக்கு ஊர்க் கணக்கு தெரிய வேண்டாம், அந்த ஊர்க் கணக்கு யார்கிட்ட இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும். மாவட்டத்துக்கு, தாலுகா எங்கேன்னு தெரிஞ்சா போதும். உச்சியில இருக்கிற ரூட் சர்வருக்கு "டாட் காம் யார்கிட்ட, டாட் இன் யார்கிட்ட"ன்னு மட்டும்தான் தெரியும். 1987ல திருத்தி எழுதின ஆர்.எஃப்.சி. 1034, 1035தான் இன்னைக்கும் அஸ்திவாரம். நாப்பது வருசத்துக்கு முந்தின வடிவம், இவ்வளவு பெரிய உலகத்தைத் தாங்குதுன்னா மனுசன் எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்!

அதுலயே எழுதியாச்சு, ஒவ்வொரு கணக்குக்கும் ரெண்டு பேர் சர்வராவது இருக்கணும்னு. ரெண்டையும் ஒரே இடத்துல வைக்காதீங்கப்பான்னு விளக்கமா எச்சரிக்கவே 1997ல ஆர்.எஃப்.சி. 2182ன்னு தனியா ஒண்ணு போட்டாங்க. யார் கேட்டா? 2001 ஜனவரி 23 அன்னிக்கு மைக்ரோசாஃப்ட்ல யாரோ ஒரு ஆள் ரவுட்டர்ல ஒரு மாத்தம் பண்ணினார். அவங்களோட பேர் சர்வர் எல்லாம் அந்த ஒரே ரவுட்டருக்குப் பின்னால. மைக்ரோசாஃப்ட், எம்.எஸ்.என்., ஹாட்மெயில் எல்லாம் ஏறத்தாழ ஒரு நாள் காணாம போச்சு. சர்வர்கள் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, போற வழியைச் சொல்லத்தான் ஆள் இல்ல. நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். "அப்ப நானும் பில் கேட்ஸும் ஒண்ணுங்கிற" அப்படீன்னான். திமிரு :-)

அதுக்கப்புறம்தான் பெரிய ஆளுங்ககூட பேர் சர்வரை அடுத்தவன்கிட்ட குடுக்க ஆரம்பிச்சாங்க. இதுக்குன்னே கம்பெனிகள் இருந்துச்சு. உலகம் பூரா பத்து இருபது இடத்துல சர்வர் வச்சு, ஒரே ஐ.பி. முகவரியை எல்லா இடத்துல இருந்தும் அறிவிப்பாங்க. கேக்கிறவனுக்குப் பக்கத்துல இருக்கிற சர்வர் பதில் சொல்லும். ரூட் சர்வர்களும் இப்படித்தான் இந்தியாவுக்கு வந்துச்சு. 2005ல மும்பை, டெல்லி, சென்னைன்னு மூணு இடத்துல பிரதி வச்சாங்க, சென்னைக்கு வந்தது எஃப் ரூட். அதே 2005ல டாட் இன் பேரையும் எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருசத்துல மொத்தம் பதிவானதே ஏழாயிரம் சொச்சம்தான். நண்பன் தொழில் ஆரம்பிச்சதே அந்தக் கதவு திறந்த தைரியத்துலதான்.

நம்ம பதிவர்கள் பலருக்கு எவ்ரி டி.என்.எஸ். ஞாபகம் இருக்கும். டேவிட் உலெவிச்னு ஒரு பையன் காலேஜ் படிக்கும்போது 2001ல ஆரம்பிச்சது. இலவசம், மனசிருந்தா நன்கொடை. பிளாகர்ல இருந்து சொந்த டொமைனுக்கு மாறினவங்க எத்தனை பேர் அதுல கணக்கு வச்சிருந்தோம்! 2010 டிசம்பர்ல விக்கிலீக்ஸ் பேரை அவங்க தூக்கினாங்க. காரணமா அவங்க சொன்னது, அந்த ஒரு தளத்து மேல நடக்கிற தாக்குதல் மீதி அஞ்சு லட்சம் தளங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும்ங்கிறது. அரசியல் இருக்கட்டும். ஒரே கிணத்துல அஞ்சு லட்சம் பேர் தண்ணி எடுக்கும்போது யார் யாரோட தகராறெல்லாம் நம்ம வாளிக்கு வரும்ங்கிறது அன்னிக்குத்தான் பலருக்குப் புரிஞ்சுது. அந்த வருச ஆரம்பத்துலயே அவங்களை டின்னுங்கிற கம்பெனி வாங்கியிருந்துச்சு. 2011ல இலவசக் கடையைச் சாத்திட்டாங்க.

அந்த டின் கதையும் சொல்லணும். 2016 அக்டோபர் 21. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட், கிட்ஹப் எல்லாம் ஒரே நாள்ல தள்ளாடுச்சு. ஒருத்தரும் அவங்க சர்வரைத் தொடல, அடிச்சது டின்னோட பேர் சர்வர்களை. அடிச்ச படை எது தெரியுமா? மிராய்னு ஒரு கிருமி பிடிச்ச வீட்டு ரவுட்டர், சி.சி.டி.வி. கேமரா, அதைப் பதிவு பண்ற டி.வி.ஆர். பெட்டி. கம்பெனியில இருந்து வரும்போதே இருந்த பாஸ்வேர்டை யாரும் மாத்தாத பெட்டிகள். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வர்றேன். அடுத்த மாசமே டின்னை ஆரக்கிள் வாங்குறதா அறிவிச்சது. பின்னால அந்தப் பழைய சேவையையும் மூடியாச்சு. காசு குடுத்தாலும் குடுக்காட்டியும் கடை கைமாறும் போல.

*

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்னன்னு நண்பன் கேட்டான். அப்ப நான் சொன்னது 2018 செப்டம்பர் 24.

ஸோஹோ நம்ம ஊர்க் கம்பெனி. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, ஸ்ரீதர் வேம்பு சென்னையிலும் பின்னால தென்காசியிலும் வளர்த்தது. அன்னிக்கு மூணு கோடிப் பேருக்கு மேல ஸோஹோவுல மெயில், கணக்கு, விற்பனைன்னு தொழில் நடத்திக்கிட்டிருந்தாங்க. திங்கட்கிழமை. திடீர்னு ஸோஹோ டாட் காம் இல்ல. சர்வர் நல்லா இருக்கு, பேர் சர்வரும் நல்லா இருக்கு. பேரையே ரிஜிஸ்ட்ரார் நிறுத்தி வச்சுட்டார். அதாவது வீடும் சரி, கிராமக் கணக்கும் சரி, சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரத்து மேல தடை.

காரணம்? ஸோஹோ மெயிலைப் பயன்படுத்தி யாரோ மோசடி மெயில் அனுப்பினதா மூணு புகார். அதுல ரெண்டை ஏற்கெனவே முடிச்சாச்சு, மூணாவது விசாரணையில இருந்துச்சுன்னு ஸோஹோ சொல்லுச்சு. ரிஜிஸ்ட்ரார் டியெரா நெட்டோட தானியங்கி ஏற்பாடு பேரை நிறுத்திடுச்சு. வேம்பு ட்விட்டர்ல பகிரங்கமா, இந்தக் கம்பெனியில பெரியவங்க யாரையாவது தெரியுமான்னு கேக்கிற நிலைமை. மூணு கோடிப் பேர் நம்பி இருக்கிற ஒரு கம்பெனியோட தலைவர், நம்ம ஆளுங்க தாலுகா ஆபீஸ்ல "யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா"ன்னு விசாரிக்கிற மாதிரி விசாரிச்சார். எனக்கு அதைப் பார்த்தப்ப சிரிப்பு வரல.

தடையை எடுத்த பிறகும் உடனே எல்லாருக்கும் வந்துடல. டி.என்.எஸ்.ல ஒரு பதிலைக் கேட்டு வாங்கினவன் கொஞ்ச நேரம் அதையே மனசுல வச்சிருப்பான். ஒவ்வொரு ஊர் இண்டர்நெட் கம்பெனிக்கும் ஒவ்வொரு ஞாபகம். சிலருக்குச் சீக்கிரம் வந்துச்சு, சிலருக்கு வெகுநேரம் ஆச்சு. அப்புறம் ஸோஹோ தன் பேரை கிளவுட்ஃபிளேருக்கு மாத்துச்சு. நாங்களே ரிஜிஸ்ட்ரார் ஆகிடப் போறோம்னு வேம்பு அறிவிச்சார். நொந்துபோனவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

நண்பன் இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. ஏன்னா அவன்கிட்ட இருக்கிற 140ல மாசத்துக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளமாவது ஹேக் ஆகும். அதுக்குள்ள எவனோ பேங்க் பேர்ல போலிப் பக்கம் போட்டு வச்சிருப்பான். புகார் வரும். அவனோட 140 வாடிக்கையாளரோட பேர் சர்வர் பேரும், அவன் சொந்தக் கம்பெனி டொமைன்லதான் இருக்கு. அந்த ஒரு டொமைனை ஒரு ரிஜிஸ்ட்ரார் நிறுத்தினா 140ம் சேர்ந்து படுக்கும். மூணு புகாருக்கு ஸோஹோவுக்கே அந்தக் கதின்னா, அஞ்சு ரோட்டு மாடி ஆபீஸுக்கு யார் ட்விட்டர்ல பதில் சொல்லப் போறாங்க?

சரி, விசயத்துக்கு வருவோம். ரெண்டு பேரும் உக்காந்து, காசு குடுத்து வாங்குற டி.என்.எஸ். சேவையை அலசினோம். எல்லாக் கம்பெனியும் நூறு சதவீதம் ஓடும்னு எழுதியிருக்கான். ஓடலைன்னா என்ன தருவான்? அந்த மாசக் கட்டணத்துல கொஞ்சம் கழிச்சுக்குவான். முட்டைக் கன்டெய்னருக்கு அதை வச்சு என்ன பண்றது. அதனால அந்த வரியை நாங்க படிக்கிறதையே விட்டுட்டோம்.

முதல்ல பார்த்தது விலை. அமேசானோட ரூட் 53 ஒரு டொமைனுக்கு மாசம் அரை டாலர், 25க்கு மேல போனா மீதிக்கு பத்து சென்ட். 140க்கு கணக்குப் போட்டா 24 டாலர். ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல கொஞ்சம். ஒரு தளத்துக்கு மாசம் பதினஞ்சு ரூபா, ஒரு டீ. கேள்விக்குத் தனிக் கட்டணம் உண்டு, பத்து லட்சம் கேள்விக்கு 40 சென்ட். சேகோ மில் சைட்டுக்கு பத்து லட்சம் கேள்வி வர்றதுக்குள்ள மரவள்ளி நாலு போகம் எடுத்துடலாம். இருந்தும் நண்பன், "நூறு ரூபா கூடக் கேட்டாலும் கஸ்டமர் அடுத்த தெருவுக்குப் போயிடுவான் மாப்ள" அப்படீன்னு அரை மணி நேரம் புலம்பினான். அவன் புலம்பல்ல நியாயம் இருக்கு. வருசத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறுக்கு சைட் விக்கிறவன் அவன்.

கிளவுட்ஃபிளேர்ல இலவசம். நான் முதல்ல அதைத்தான் சொன்னேன். ஆனா அங்கே அவங்க குடுக்கிற பேர் சர்வரைத்தான் வைக்கணும் (அதுக்கெல்லாம் ஆள் பேரா வச்சிருப்பாங்க, நல்லா இருக்கும்). நம்ம பேர்ல பேர் சர்வர் வேணும்னா பெரிய திட்டத்துக்குக் காசு கட்டணும். அப்படின்னா 140 டொமைன்லயும் ரிஜிஸ்ட்ரார் கணக்குக்குள்ள போய் மாத்தணும். அங்கேதான் மாட்டினோம். 140ல பாதிக்கு லாகின் யார்கிட்ட இருக்குன்னே தெரியல. பத்து வருசம் முன்னாடி சைட் போட்ட டிசைனர் தன் பேர்லயே டொமைனை வாங்கி வச்சுட்டு, இப்ப பெங்களூர்ல எங்கேயோ இருக்கான். வீடு கட்டினது மேஸ்திரி, பத்திரமும் மேஸ்திரி பேர்ல! நிலம்னா விடுவோமா? திருச்செங்கோட்டு ரிக் முதலாளி ஒருத்தர், ஒரு கவுண்டி தள்ளிப் போச்சுன்னு கோர்ட்டுக்குப் போனவர், தன் கம்பெனிப் பேர் யார் பேர்ல இருக்குன்னு தெரியாம பதினோரு வருசம் இருந்திருக்கார்.

ரூட் 53ல நம்ம பேர்லயே பேர் சர்வர் வச்சுக்க வழி உண்டு. நண்பனோட டொமைன்ல என்.எஸ்.1, என்.எஸ்.2 எந்த ஐ.பி.யைக் காட்டுதுங்கிறதை ஒரு இடத்துல மாத்தினா போதும், வாடிக்கையாளர் யார் லாகினும் தேவையில்லை. அதனால 140ம் அங்கே போறதுன்னு முடிவாச்சு. அந்த ஒரு வசதிக்காகத்தான் காசு. வேகம், கிராஃப், டேஷ்போர்டு எல்லாம் ஜிகினா.

ஆனா முட்டைக்காரருக்கு இது போதாதுன்னு எனக்குப் பட்டுச்சு. ஒரு கம்பெனி எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரு கம்பெனிதான். 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் ஆறு மணி நேரம் போச்சே, அப்ப அவங்க பேர் சர்வர்களுக்குப் போற பாதையையே அவங்க நெட்வொர்க் வாபஸ் வாங்கிக்கிச்சு. நாமக்கல்ல லோடு புக்கிங் எல்லாம் வாட்ஸ்அப்ல ஓடுற காலம். எனக்குத் தெரிஞ்ச ஒரு புக்கிங் ஆபீஸ்காரர் அன்னிக்கு ராத்திரி பழைய டைரியைத் தேடி எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டார்.

அதனால மெயிலை நம்பித் தொழில் பண்ற 18 பேரை மட்டும் தனியாப் பிரிச்சோம். அவங்க பத்திரத்தை எல்லாம் அவங்கவங்க பேருக்கு மாத்தினோம். இந்த வேலைக்கே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு, ஒரு டிசைனர் பேரம் வேற பேசினார். அவங்களுக்கு ரெண்டு கம்பெனியோட பேர் சர்வரையும் சேர்த்துப் போட்டோம். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பதில் சொல்லும். சிக்கல் என்னன்னா ரூட் 53 தன் கணக்கை இன்னொரு சர்வருக்குத் தானா நகலெடுத்து அனுப்பாது, பழைய முறைப்படி சோன் டிரான்ஸ்ஃபர் கிடையாது. டின் சம்பவத்துக்கு மறுவருசம் கிட்ஹப்காரங்க ஆக்டோ டி.என்.எஸ்.னும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோக்காரங்க டி.என்.எஸ். கண்ட்ரோல்னும் இதுக்கான நிரல்களை வெளியிட்டாங்க. ரெண்டாவதைப் பிடிச்சேன். கணக்கை ஒரே ஃபைல்ல எழுதி வச்சா ரெண்டு கம்பெனிக்கும் அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துடும். பாருங்க, சுத்திச் சுத்தி மறுபடி ஒரு ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட்! ஆனா இது நம்ம கையில, நாலு இடத்துல நகலோட.

பேர் சர்வருக்குன்னு தனியா ஒரு புது டொமைன் வாங்கச் சொன்னேன். அதுல ஒரு பக்கம்கூட வைக்கக்கூடாது, மெயில் கூடாது, ஒரு புகாருக்கும் இடம் கூடாது. பத்து வருசத்துக்கு மொத்தமாக் கட்டி, வேற ரிஜிஸ்ட்ரார்கிட்ட, வேற மெயில் ஐ.டி.யில. பழைய என்.எஸ்.1, என்.எஸ்.2வையே நம்பி இருக்கிறவங்களை லாகின் கிடைக்கக் கிடைக்க இதுக்கு மாத்திக்கிட்டே வர்றோம். முக்கால்வாசி முடிஞ்சுது.

மாத்தின கதை நாலு ராத்திரி. பழைய ஹோஸ்ட் கணக்கை மொத்தமா எடுத்துத் தர மாட்டேன்னுட்டான். ஒவ்வொரு டொமைனா திறந்து பார்த்துக் கையால எழுதினோம். ரெண்டு நாள் முன்னாடியே எல்லாத்துக்கும் ஞாபக நேரத்தை 86400 நொடியில இருந்து 300க்குக் குறைச்சு வச்சோம். ஏதாச்சும் தப்பாப் போனா அஞ்சு நிமிசத்துல திருத்தலாம் இல்லையா, அதுக்கு. அப்படியும் ரெண்டு ஸ்கூலுக்கு மெயில் கையொப்பப் பதிவு விட்டுப்போய், ஃபீஸ் ரசீதெல்லாம் பெற்றோர்களோட குப்பைப் பெட்டிக்குப் போச்சு. மூணாவது நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு விட்ட டோஸ் இருக்கே, அதைத் தனிப் பதிவாப் போடலாம்.

கையால எழுதினதுல ஒரு லாபம், யார் வீட்ல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுது. முட்டைக்காரர் டொமைன்ல "கேமரா"ன்னு ஒரு பேர் இருந்துச்சு. ராசிபுரம் பக்கம் அவரோட கோழிப்பண்ணை ஷெட்டுல இருக்கிற டி.வி.ஆர். பெட்டி. துபாய் போனாலும் போன்ல கோழியைப் பார்க்கணும்னு யாரோ போட்டுக் குடுத்தது. சும்மா ஒரு ஆர்வத்துல திறந்து, அட்மின்னு பேர், அட்மின்னே பாஸ்வேர்டு அடிச்சேன். எட்டு ஷெட்டும் தெரிஞ்சுது. டின்னை அடிச்ச படையில இந்தப் பெட்டியோட அண்ணன் தம்பிகள்தான் இருந்திருக்கும்.

உடனே போன் போட்டுச் சொன்னேன். "அது எலக்ட்ரீசியன் வச்சதுங் தம்பி, அவர் வந்தாத்தான் மாத்துவாரு"ன்னார். போன வாரம் மறுபடி பார்த்தேன். இன்னும் அட்மின்தான். கோழியெல்லாம் நல்லா இருக்கு.

டிஸ்கி: உங்க டொமைன் யார் பேர்ல இருக்கு, பேர் சர்வர் எங்கே இருக்குன்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. பார்க்காம ஸ்மைலி மட்டும் போட்டுட்டுப் போறவங்களுக்கு நாமக்கல் முட்டை பார்சல் அனுப்பப்படும்.